நடுவில் இருப்பவன் பயம்

லாஸ் வேகாஸில் ஆண்டுதோறும் நடக்கும் உலக போக்கர் தொடரின் பிரதான போட்டியில் 2023-ஆம் ஆண்டு 10,043 பேர் சேர்ந்தார்கள். நுழைவுக் கட்டணம் தலைக்கு 10,000 டாலர். பரிசு 1,507 பேருக்கு. முதலாவதாக வந்தவருக்கு 1 கோடியே 21 லட்சம் டாலர். 1,507-ஆவது இடத்துக்கு 15,000 டாலர். அதற்கு அடுத்த இடத்துக்குப் பரிசுப் பட்டியலில் ஒன்றும் கிடையாது. எட்டாயிரத்து ஐந்நூறு பேரைத் தாண்டி, நாள்கணக்கில் உட்கார்ந்து சீட்டுப் பிடித்துவிட்டு, கட்டிய பணத்தையும் விட்டுவிட்டுப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். (அந்த ஓர் ஆசாமிக்கு மட்டும் இரக்கப்பட்டு, அடுத்த ஆண்டு நுழைவை இலவசமாகக் கொடுப்பதும் உண்டு.)

இந்தக் கோட்டை நெருங்கும் நேரத்துக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'பபிள்'. நீர்க்குமிழி. குமிழி உடைகிற வரை அரங்கத்தின் நடவடிக்கையே மாறிவிடும். அதுவரை வீராவேசமாக ஆடியவர்கள் நல்ல சீட்டைக்கூடக் கவிழ்த்து வைப்பார்கள். பக்கத்து மேஜையில் யாராவது தோற்கிறார்களா என்று கழுத்தை நீட்டிப் பார்ப்பார்கள். ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு ஆழ்ந்து யோசிப்பதுபோல் நேரத்தைக் கடத்துவார்கள். இதைத் தடுப்பதற்காகவே ஒரு விதி இருக்கிறது: கோடு நெருங்கியதும் எல்லா மேஜைகளிலும் ஒரே சமயத்தில் ஓர் ஆட்டம், கடைசி மேஜை முடிக்கும்வரை யாருக்கும் அடுத்த சீட்டு கிடையாது.

இத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மேஜைக்கு ஒருவர் மட்டும் உல்லாசமாக இருப்பார். அவர் முன்னால் சிப்ஸ் கோபுரமாக அடுக்கியிருக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே இருப்பார். மற்றவர்கள் கவிழ்த்துக்கொண்டே இருப்பார்கள். அவருக்கு மட்டும் எப்படி இத்தனை நல்ல சீட்டு வருகிறது என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அவருக்கும் மற்றவர்களுக்கு வரும் சீட்டுதான் வருகிறது. ஆனால் அந்த நேரத்தில் அவருக்குச் சீட்டு தேவைப்படுவதில்லை.

ஏன் என்று புரிந்துகொள்ள விதிமுறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். மூணு சீட்டு தெரிந்தவர்களுக்கு போக்கர் அந்நியமானதல்ல. இன்று அதிகம் ஆடப்படும் 'டெக்சாஸ் ஹோல்டெம்' முறையில் ஒவ்வொருவருக்கும் மறைவாக இரண்டு சீட்டு. நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு, முதலில் மூன்று, அப்புறம் ஒவ்வொன்றாகத் திறக்கப்படும். இடையிடையே பந்தயம். இருப்பதை எல்லாம் ஒரே மூச்சில் நடுவில் தள்ளலாம். அதற்கு 'ஆல்-இன்' என்று பெயர். பிளைண்ட் என்பது மூணு சீட்டில் சீட்டைப் பார்க்காமல் விருப்பப்பட்டு ஆடுவது. இங்கே அது கட்டாயம். சுற்றி வரும் முறைப்படி இருவர் சீட்டுப் போடும் முன்பே ஒரு தொகையை நடுவில் வைத்தாக வேண்டும். அந்தத் தொகை குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு தடவை ஏறிக்கொண்டே போகும். எனவே யாரும் சும்மா உட்கார்ந்து காலம் தள்ள முடியாது.

போட்டி ஆட்டத்தில் சிப்ஸ் பணம் அல்ல. கட்டணம் கட்டியதும் எல்லோருக்கும் சம அளவு தருவார்கள். தீர்ந்தால் வெளியே. நடுவில் எழுந்து காசாக்கிக்கொண்டு போக முடியாது. எவ்வளவு சேர்த்தீர்கள் என்பதற்குப் பரிசு இல்லை. எத்தனாவது ஆளாக வெளியேறினீர்கள் என்பதற்குத்தான் பரிசு. பெரிய சிப்ஸ்காரரின் அதிகாரம் முழுக்க இந்த ஒரு விதியிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் சில்லறைக் கணக்கு. ஒன்பது பேர் மேஜை. பிளைண்ட் 500, 1,000. இதோடு 'ஆன்ட்டி' என்று இன்னொரு 1,000. ஆக, யாரும் வாயைத் திறக்கும் முன்பே நடுவில் 2,500 கிடக்கிறது. நம் பெரியவர் 2,200 போட்டு ஏற்றுகிறார். எல்லோரும் கவிழ்த்துவிட்டால் 2,500 அவருக்கு. யாராவது எதிர்த்தால் போட்டதை விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தடவை முயன்று ஏழில் ஜெயித்தால் வரவு 17,500, செலவு 6,600, மிச்சம் 10,900. நூற்றுக்கு 47 தடவை மற்றவர்கள் பணிந்தாலே அவருக்குக் கட்டுப்படியாகும். குமிழி நேரத்தில் அதைவிட அதிகமாகவே பணிகிறார்கள். பத்து முயற்சியிலும் அவர் கையில் என்ன சீட்டு இருந்தது என்பது இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, மற்றவர்கள் ஏன் பணிகிறார்கள்? கோழைகளா? இல்லை. பெரும்பாலும் அவர்கள் செய்வது சரிதான். இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

நாலு பேர் மிச்சம், மூன்று பரிசு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1 லட்சம் ரூபாய்: முதல் பரிசு 50,000, இரண்டாவது 30,000, மூன்றாவது 20,000. நாலாமவருக்கு நாமம். மேஜையில் மொத்தம் 10,000 சிப்ஸ். பெரியவரிடம் 5,000. நடுத்தரக்காரர்கள் இருவர், தலா 2,000. சின்னவரிடம் 1,000. இந்த நிமிஷத்தில் ஆட்டத்தை நிறுத்தினால் யாருக்கு எவ்வளவு கொடுப்பது நியாயம்?

பாதி சிப்ஸ் வைத்திருப்பவருக்குப் பாதிப் பணம் என்று சொல்லத் தோன்றும். அப்படி இல்லை. எல்லாச் சிப்ஸையும் ஜெயித்தாலும் அவருக்குக் கிடைக்கப்போவது 50,000-தான். 1 லட்சம் அல்ல. இதற்கு ஒரு கணக்கு முறை இருக்கிறது. குதிரைப் பந்தயத்தில் எந்தக் குதிரை எத்தனாவதாக வரும் என்பதற்கு ஹார்வில் என்பவர் 1973-இல் ஒரு சூத்திரம் தந்தார். அதே வழியில் போக்கர் சிப்ஸுக்குப் பண மதிப்புப் போடுவதை மேசன் மல்முத் 1987-இல் தன் புத்தகத்தில் எழுதினார். ஒவ்வொருவரும் முதலாவதாக வரும் வாய்ப்பு அவரிடம் உள்ள சிப்ஸின் விகிதம். அவரை நீக்கிவிட்டு மிச்சப் பேரில் இரண்டாமவர், பிறகு மூன்றாமவர் என்று அதே விகிதத்தில் தொடர வேண்டும். பேனாவும் காகிதமும் இருந்தால் அரை மணியில் போட்டுவிடலாம்.

போட்டால் வருவது இது: பெரியவரின் பங்கு 37,183 ரூபாய். நடுத்தரக்காரர்களுக்குத் தலா 24,325. சின்னவருக்கு 14,167. சிப்ஸில் பாதி வைத்திருப்பவருக்குப் பணத்தில் 37 சதவீதம்தான். பத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கோ 14 சதவீதம். அதாவது கையில் கொஞ்சமாக இருக்கும்போது ஒவ்வொரு சிப்பும் விலை அதிகம். சேரச் சேர மலிவு. தாகத்தில் முதல் டம்ளர் தண்ணீருக்கும் ஐந்தாவது டம்ளருக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது பெரியவர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளுகிறார். ஒரு நடுத்தரக்காரர் மட்டும் யோசிக்கிறார். மோதித் தோற்றால் அவருடைய 24,325 ரூபாய் மதிப்பு பூஜ்யம். ஜெயித்தால் சிப்ஸ் இரட்டிப்பாகி 4,000. ஆனால் பண மதிப்பு இரட்டிப்பாகாது, 33,603-தான். 9,278 சம்பாதிக்க 24,325-ஐப் பணயம் வைக்க வேண்டும். பிளைண்ட் தொகையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், நூற்றுக்கு 72 தடவைக்கு மேல் ஜெயிக்கும் சீட்டு இருந்தால்தான் அவர் மோதலாம். எதிர்ப்பக்கத்தில் பெரியவருக்கு நூற்றுக்கு 55 போதும். தோற்றாலும் அவர் 3,000 சிப்ஸோடு மேஜையில் இருப்பார்.

72 என்பது எவ்வளவு பெரிய எண் என்று பாருங்கள். பெரியவர் சீட்டைப் பார்க்காமலே தள்ளுகிறார் என்று நடுத்தரக்காரருக்கு நிச்சயமாகத் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். நடுத்தரக்காரர் கையில் ஓர் ஆஸ், ஒரு ராஜா. ஹோல்டெமில் இதைவிட நல்ல சீட்டுகள் சிலவே உண்டு. ஆனால் வெவ்வேறு ஜாதி ஆஸ்-ராஜா ஏதோ இரண்டு சீட்டை நூற்றுக்கு 65 தடவைதான் ஜெயிக்கும். ஆக, கவிழ்க்க வேண்டும். இரண்டு ஒன்பது வந்தால் 72-ஐத் தொட்டும் தொடாமலும் நிற்கும். இரண்டு பத்து வந்தால் 75, அப்போது மோதலாம். பத்து ஜோடியோ அதற்கு மேற்பட்ட ஜோடியோ ஒருவருக்கு ஏறத்தாழ 44 ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் வரும். மற்ற 43 ஆட்டத்திலும், எதிரில் இருப்பவர் கண்ணை மூடிக்கொண்டு மிரட்டுகிறார் என்று தெரிந்திருந்தும், நடுத்தரக்காரர் சீட்டைக் கவிழ்ப்பதுதான் புத்திசாலித்தனம். மிரட்டல் வெற்று மிரட்டல் என்று தெரிந்தும் அடங்கிப் போவதே லாபம் என்றால், மிரட்டுகிறவருக்கு வேறு என்ன வேண்டும்?

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. இருவரும் மோதி நடுத்தரக்காரர் வெளியேறினார் என்று வையுங்கள். அவர் இழந்தது 24,325 ரூபாய் மதிப்பு. அதில் பெரியவருக்குச் சேர்வது 6,345-தான். மிச்சம் 17,980 ரூபாய் எங்கே போயிற்று? சீட்டைக்கூடத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவருக்கும் போயிற்று. அவர்களுக்குப் பரிசு உறுதியாகிவிட்டதே! இரண்டு பேர் சண்டையில் மூன்றாமவருக்கு லாபம் என்பது பழமொழியாக மட்டும் இல்லாமல் ரூபாய்க் கணக்காகவே இங்கே வருகிறது. ஆகவே பெரியவருக்கும் உண்மையில் மோதல் வேண்டாம். அவருக்கு வேண்டியது மோதலைப் பற்றிய பயம்.

அடுத்த கேள்வி, யாரை மிரட்டுவது? பலவீனமானவரைத்தானே என்று சட்டென்று பதில் வரும். அதுதான் தவறு. கணக்குப்படி சின்னவர் மோதுவதற்கு நூற்றுக்கு 63 இருந்தாலே போதும், நடுத்தரக்காரருக்குத்தான் 72. அது போக, பிளைண்ட் சின்னவரின் கழுத்தைப் பிடித்திருக்கிறது. இன்னும் ஒரு சுற்றுக்குக்கூடத் தாங்காது என்றால், ஓரளவு சீட்டு வந்தாலும் அவர் துணிந்து எதிர்த்து நிற்பார்.

ரம்மி ஆடுகிறவர்களுக்கு இது கைவந்த பாடம். 101 பூல் ரம்மியில் 20 பாயிண்ட் கொடுத்து டிராப் ஆகலாம். 60 பாயிண்டில் இருப்பவர் சீட்டு சுமாராக இருந்தாலே டிராப் போடுவார். இன்னும் இரண்டு டிராப் கையில் இருக்கிறதே என்ற நினைப்பு. 85 பாயிண்டில் இருப்பவருக்கு டிராப் என்ற பேச்சே கிடையாது. என்ன சீட்டு வந்தாலும் ஆடியே தீர வேண்டும். அவரைப் பயமுறுத்தி எழுப்ப முடியாது. போக்கர் மேஜையிலும் மிரட்டலுக்கு மசிகிறவர் நடுவில் இருப்பவர்தான். காப்பாற்றிக்கொள்ள அவரிடம் ஏதோ இருக்கிறது. ஆனால் ஓர் அடியைத் தாங்கும் அளவுக்கு இல்லை. கீழே இருப்பவர் வெளியேறும்வரை பொறுத்திருந்தால் தனக்குப் பரிசு நிச்சயம் என்று அவர் காத்திருக்கிறார். அந்தக் காத்திருப்புக்குப் பெரியவர் வாடகை வசூலிக்கிறார்.

இதே காரணத்தால், கெட்டிக்காரப் பெரியவர்களுக்குச் சின்னவரை அவசரப்பட்டு வெளியேற்றும் ஆர்வம் இருக்காது. சின்னவர் மேஜையில் இருக்கிறவரைதான் நடுத்தரக்காரர்களின் பயம் இருக்கும். குமிழி உடைந்த மறு நிமிஷம் எல்லோருக்கும் தைரியம் வந்துவிடும். பரிசு உறுதியானதும் நேற்றுவரை பம்மிக் கிடந்தவர்கள் எல்லாம் கண்ட சீட்டுக்கும் தள்ள ஆரம்பிப்பார்கள். வசூல் நின்றுவிடும்.

மிரட்டக் கூடாத ஆளும் உண்டு. தன்னளவு பெரியவரை. 2010-ஆம் ஆண்டு உலகத் தொடரின் இறுதி மேஜையில் மூன்று பேர் மிச்சம். கனடாக்காரர் ஜோனதன் டுஹமெல், அமெரிக்கர்கள் ஜோசப் சியாங், ஜான் ரேசனர். முதல் இருவரிடமும் மலைபோல் சிப்ஸ், ரேசனரிடம்தான் குறைவு. மூன்றாம் பரிசு 41 லட்சம் டாலர், இரண்டாம் பரிசு 55 லட்சம். ரேசனர் வெளியேறும்வரை பொறுத்திருந்தாலே சியாங்குக்கு 14 லட்சம் டாலர் கூடுதல். அன்று சியாங் துணிச்சலாக, பார்க்க அழகாக ஆடிக்கொண்டிருந்தார். ஓர் ஆட்டத்தில் டுஹமெல்லும் அவரும் மாற்றி மாற்றி ஏற்றினார்கள். கடைசியில் ஆஸும் ஏழும் வைத்துக்கொண்டு சியாங் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். டுஹமெல்லிடம் இரண்டு ராணிகள். அவர் மோதினார், ஜெயித்தார். சியாங்கிடம் மிஞ்சியிருந்த கொஞ்சமும் சற்று நேரத்தில் போயிற்று, மூன்றாவது இடம். அந்தப் பெரிய சண்டையில் சேராமல் ஒதுங்கியிருந்த ரேசனர் 55 லட்சத்துக்கு ஏறினார். சாம்பியன் டுஹமெல்லுக்கு 89 லட்சம். பணத்தைத் தொடும் கோடு என்பது ஒரு தடவை மட்டும் வருவதல்ல. பரிசு ஏறும் ஒவ்வொரு படியும் ஒரு குமிழிதான் என்பதற்கும் இதுவே உதாரணம்.

பெரியவர்கள் செய்யும் இன்னொரு தவறு இதற்கு நேர் எதிரானது. முன்னிலை வந்ததும் அதைக் காப்பாற்ற ஆரம்பிப்பார்கள். இவ்வளவு கஷ்டப்பட்டுச் சேர்த்ததை வீணாக்குவானேன், குமிழி உடையட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையைக் கட்டிக்கொள்வார்கள். கேட்க நிதானமான யோசனையாகத்தான் இருக்கிறது. ஆனால் மற்ற எட்டுப் பேருக்கும் பயம் உச்சத்தில் இருக்கும் அரை மணி அது ஒன்றுதான். அந்த நேரத்தில் பயப்படக் காரணமில்லாத ஒரே ஆளும் சேர்ந்து பயந்தால், சேர்த்த சிப்ஸுக்கு அர்த்தமே இல்லை. கிரிக்கெட்டில் 200 ரன் முன்னிலையை வைத்துக்கொண்டு பீல்டர்களை எல்லைக்கோட்டில் பரப்பும் கேப்டனை நாம் என்ன சொல்வோம்?

நடுவில் இருப்பவருக்குத் தற்காப்பே இல்லையா? ஒன்று இருக்கிறது. கணக்கைத் திரும்பப் பாருங்கள். 72 வேண்டியிருப்பது அடுத்தவர் தள்ளியதற்கு ஈடு கட்டி மோதுவதற்குத்தான். தானே முதலில் தள்ளுவதற்கு அல்ல. பெரியவர் 2,200 போட்டு ஏற்றும்போது, கையில் 20,000 வைத்திருப்பவர் அத்தனையையும் நடுவில் தள்ளினால், யோசிக்க வேண்டிய முறை பெரியவருடையதாகிவிடும். எதை வேண்டுமானாலும் வைத்துக்கொண்டு ஏற்றுகிறவர் அந்த நேரத்தில் பெரும்பாலும் கவிழ்க்கத்தான் வேண்டும். தள்ளுகிறவருக்கு ஜெயிக்க இரண்டு வழி: எதிராளி கவிழ்க்கலாம், அல்லது சீட்டு கைகொடுக்கலாம். ஈடு கட்டுகிறவருக்குச் சீட்டு ஒன்றே வழி. இந்த இடைவெளியைப் பற்றி டேவிட் ஸ்க்லான்ஸ்கி 2002-இல் போட்டி ஆட்டங்களுக்கென்றே எழுதிய புத்தகத்தில் விளக்கியிருக்கிறார்: பந்தயத்தைத் தொடங்கப் போதுமான சீட்டு, அடுத்தவர் தொடங்கியதை எதிர்க்கப் போதாது. எப்போது தள்ளுவது என்பதுதான் சாமர்த்தியம். நடுவில் 2,500 கிடக்கும் மேஜையில் 20,000 வைத்திருப்பவர் எட்டுச் சுற்றுக்குத்தான் தாங்குவார். ஏழாவது சுற்றில் தள்ளினால் யாருக்கும் பயம் வராது. தள்ளுவதற்குப் பலம் இருக்கும்போதே தள்ள வேண்டும்.

பயமே இல்லாமல் ஆடியவர் என்று போக்கர் உலகம் இன்றும் பேசும் பெயர் ஸ்டூ அங்கர். நியூயார்க்காரர். அவர் முதலில் புகழ் பெற்றது நமக்குத் தெரிந்த ரம்மியின் உறவான ஜின் ரம்மியில். அதில் அவரை எதிர்த்து ஆட ஆள் கிடைக்காமல் போய்த்தான் போக்கருக்கு வந்தார். 1980, 1981 என்று அடுத்தடுத்து இரண்டு தடவை உலகத் தொடரின் பிரதான போட்டியை ஜெயித்தார். பிறகு போதைப் பழக்கத்தில் மூழ்கிப்போன அவர், 16 ஆண்டுகள் கழித்து 1997-இல் திரும்பி வந்தார். அந்த ஆண்டு 312 பேர். இறுதி மேஜையில் உட்காரும்போது மொத்தச் சிப்ஸில் மூன்றில் ஒரு பங்கு அவரிடம் இருந்தது. முன்னிலை கிடைத்தால் மேஜையை மூச்சுவிட விடமாட்டார் என்பது அவரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்தும் தடுக்க முடியவில்லை. மூன்றாவது பட்டமும், 10 லட்சம் டாலரும் அவருக்கே.

அடுத்த ஆண்டு நவம்பரில் லாஸ் வேகாஸின் ஒரு மலிவு விடுதியில் அங்கர் இறந்து கிடந்தார். வயது 45. அந்தப் பத்து லட்சத்தில் எதுவும் மிஞ்சவில்லை. மேஜையில் எதிராளிகளை அவர் அப்படி அடக்கி ஆள முடிந்ததற்கு, பணத்தின் மேல் அவருக்கு மரியாதையே இல்லாதது ஒரு காரணம் என்று சொல்வார்கள். மேஜையை விட்டு எழுந்த பிறகும் அந்த மரியாதை அவருக்கு வரவில்லை.

இந்தியாவில் சீட்டாட்டத்தைப் பற்றிய வாதம் எப்போதும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் வந்திருக்கிறது. திறமையா, அதிர்ஷ்டமா? ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னது. தற்கொலைகளையும் கடன் சுமையையும் காரணம் காட்டித் தமிழக அரசு 2022-இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்ததை சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் ஏற்கவில்லை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இந்தக் கேள்வியையே ஓரங்கட்டியது: திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டு கூடாது என்று சட்டம் இயற்றியது.

குமிழி நேரத்துக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு, அந்தப் பழைய கேள்வி ஏன் போதாது என்று புரியும். பெரியவர் பத்து ஆட்டத்தில் ஏழைச் சீட்டுக் காட்டாமலே ஜெயித்தாரே, அதில் அதிர்ஷ்டத்துக்கு வேலை ரொம்பக் குறைவு. சந்தேகமே இல்லாமல் அது திறமைதான். ஆனால் எதில் திறமை? எதிரே இருப்பவர் எதை இழக்கப் பயப்படுகிறார் என்று மோப்பம் பிடித்து, அந்தப் பயத்துக்கு விலை போடுவதில் திறமை. ஓர் ஆட்டம் திறமை ஆட்டம் என்று நிரூபித்துவிட்டால் அதில் சேருகிறவருக்கு ஆபத்தில்லை என்று ஆகிவிடாது. திறமை அதிகம் செல்லும் ஆட்டத்தில்தான் திறமை குறைந்தவர் நிச்சயமாகத் தோற்பார். லாட்டரியிலாவது எல்லோருக்கும் சம வாய்ப்பு.

நமது கணக்கில் நாலு பேருக்கும் ஒரு ரூபாய் ஒரே ரூபாய்தான். நிஜ மேஜையில் அப்படி இல்லை. ஒருவர் வாரக் கடைசிப் பொழுதுபோக்குக்கு 10,000 ரூபாய் கட்டியிருப்பார். பக்கத்தில் இருப்பவர் அதே 10,000-ஐ இந்த மாதச் சம்பளத்திலிருந்தோ, மனைவிக்குத் தெரியாமல் வைத்த நகைக் கடனிலிருந்தோ எடுத்து வந்திருப்பார். இருவர் முன்னாலும் ஒரே அளவு சிப்ஸ் இருக்கலாம். கோடு நெருங்க நெருங்க, முன்னவருக்குக் கணக்குப்படி 72 வேண்டிய இடத்தில் பின்னவருக்கு 90 வேண்டியிருக்கும். கட்டிய பணமாவது திரும்பி வந்தால் போதும் என்று அவர் மனம் அடித்துக்கொள்ளும். அவர் முகத்திலும் கையிலும் அது தெரியும். பெரியவர் முதலில் அவர் பக்கம்தான் திரும்புவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது, விதிப்படிதான் ஆடுகிறார்.

தாங்க முடியாத தொகைக்கு ஆடாதே என்று பெரியவர்கள் சொல்வதை நாம் நீதிபோதனையாக எடுத்துக்கொண்டு தலையாட்டிவிட்டு மறந்துவிடுகிறோம். அது போக்கரின் கணக்கிலேயே இருக்கிறது. தாங்க முடியாத தொகையோடு உட்காருகிறவர் முதல் சீட்டு விழும் முன்பே பின்தங்கிவிட்டார். எத்தனை சூத்திரம் படித்திருந்தாலும் அந்தக் குறையை ஈடுகட்ட முடியாது.

கோவாவில் மண்டோவி நதியில் மிதக்கும் சூதாட்டக் கப்பலிலோ, நண்பர் வீட்டு மொட்டை மாடியிலோ, சட்டம் எங்கே அனுமதிக்கிறதோ அங்கே, ஆடத்தான் போகிறீர்கள் என்றால் பணத்தை எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். கோட்டுக்கு ஓர் ஆள் தூரத்தில், எதிரே இருப்பவர் கோபுரத்தைச் சரித்து நடுவில் தள்ளும்போது, கையில் உள்ள சீட்டைப் பார்ப்பீர்களா, அல்லது அடுத்த மாத வீட்டு வாடகை நினைவுக்கு வருமா? வாடகைதான் நினைவுக்கு வரும் என்றால் பணம் பையிலேயே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வேடிக்கை பாருங்கள். வேடிக்கை பார்க்கவும் இது நல்ல ஆட்டம்தான்.